ஈசானி மூலையில் ஊன்றிய விதை

மே 11

இன்று குழுக் கூட்டம். வெளிநாட்டிலிருந்து பீன்ஸ் விதை வரவழைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினாறு பேரில் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான்தானாம். "சௌந்திரபாண்டி, நீ ராசிக்காரன். உன் கையால எழுதிப் போட்டா வெத தானா வந்து எறங்கிரும்" என்றார் தலைவர் ஒச்சப்பன். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன்.

மூன்று வருடமாக எங்கள் ஊர் கூப்பாறையில் துரு நோய் பீன்ஸைத் தின்கிறது. துருவைத் தாங்கும் செடி பீன்ஸ் ஒன்று வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருக்கிறதாம். எங்களைப் போன்ற சின்னக் குழுவும் சட்டப்படி அதை வரவழைக்கலாம் என்று தோட்டக்கலை அலுவலகத்துக் கிளாடிஸ் மேடம் சொல்லியிருக்கிறார்.

நடப்பதைத் தேதிவாரியாக எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு இன்னொரு ஊர்க்காரன் கேட்டால் இதைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். பஞ்சவர்ணம் ஜனவரியில் கொடுத்த டைரி, இத்தனை நாள் சும்மாதான் கிடந்தது. ஊரில் இருக்கும் ஒரே விதைக்கடை அவளுடையது. புருஷன் செத்த பிறகு மாமனார் சன்னாசியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளே நடத்துகிறாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடையின் பெயர் அச்சடித்திருக்கிறது.

மே 14

கொடைக்கானல் போய் மேடத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போனேன்.

மேடம் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். முதலில் இறக்குமதி அனுமதி. கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட வேண்டும். எந்தப் பயிர், எந்த ரகம், எத்தனை கிலோ, எந்த நாடு, அனுப்புகிறவர் யார், எதற்காக என்று எல்லாம் கேட்பார்கள். எந்த நாட்டிலிருந்து எந்த விதை வரலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாவிட்டால் கதை முடிந்தது. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அங்கே மூட்டை கட்டச் சொல்ல வேண்டும். மூட்டையோடு அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் தாவர நலச் சான்றிதழ் வர வேண்டும். இன்னின்ன நோய் இந்த விதையில் இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சென்னைக்கு வந்ததும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். தேறினால்தான் நம் கைக்கு.

"கொஞ்சூண்டு வெதைன்னா, யாராச்சும் பைல கொண்டாந்தா பரவால்லைங்களா மேடம்?" என்று கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன்.

"ஒரு விதையா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான் சார். கொஞ்சமா வந்திருக்கோம்னு நோய்க்குத் தெரியாது" என்றார்.

மே 17

மச்சினன் குபேந்திரன் மலேசியாவிலிருந்து வந்து இறங்கினான். அங்கே மலைமேல் ஒரு காய்கறித் தோட்டத்தில் ஆறு வருடமாக வேலை. எனக்கு ஒரு அரைக்கை சட்டை, ஒரு டார்ச் லைட், ஒரு பால்பவுடர் டப்பா. என் வீட்டுக்காரி செல்லமணிக்கு இரண்டு சேலை. தன் தம்பி வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கோழி அடித்தோம்.

மே 20

விண்ணப்பம் போட்டாயிற்று. கம்ப்யூட்டர் சென்டர்க்காரன் என்னைவிட மோசமாக இங்கிலீஷ் படிக்கிறான்.

மே 24

ஒச்சப்பன் காட்டில் (தோட்டத்தைத்தான் இங்கே காடு என்போம்) பீன்ஸ் ஊன்றல். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பீன்ஸ் ஊன்றும் அன்று ராசிக்காரனைக் கூப்பிட்டு ஈசானி மூலையில் முதல் வரிசையை ஊன்றச் சொல்வார்கள். ராசிக்காரன் வெறுங்கையோடு போகக்கூடாது. தன் வீட்டு விதையில் ஒரு கைப்பிடியை மடியில் மறைத்துக் கொண்டுபோய், யார் கண்ணிலும் படாமல் அதைத்தான் முதலில் ஊன்ற வேண்டும். மற்ற வரிசையெல்லாம் அவரவர் பஞ்சவர்ணம் கடையில் வாங்கிய விதை. பதினான்கு வருடமாக இந்த ஊருக்கு ராசிக்கை என் கைதான்.

போன மூன்று வருடமும் துரு வந்து முதல் வரிசையும் சேர்ந்தே காய்ந்துபோனது. "பாண்டி கையில சூடு எறங்கிருச்சோ" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னானாம். என் காதுக்கு வராமல் இருக்குமா? சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் என் கைப்பிடி கொஞ்சம் விசேஷம். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

மே 30

இன்றோடு பதினொரு காட்டில் முதல் கை ஊன்றியாயிற்று. இடுப்பு விட்டுப்போச்சு. டப்பா பாதிக்கு மேல் காலி.

ஜூன் 3

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பயிரின் பெயரில் வெறுமனே பீன்ஸ் என்று எழுதியிருந்தேன். உலகத்தில் எத்தனையோ பீன்ஸ் இருக்கிறதாம், தாவரப் பெயரைப் போட வேண்டுமாம். வந்திறங்கும் ஊர் என்ற இடத்தில், பக்கமாக இருக்கட்டும் என்று மதுரை என்று போட்டிருந்தேன். விதைக்கெல்லாம் அது சரிவராதாம், சென்னை என்று போட வேண்டுமாம். "சாரு நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுலயே எறக்கச் சொல்லலையே, அது வரைக்கும் சந்தோஷம்" என்று மேடம் சிரித்தார். திருத்திப் போட்டேன்.

ஜூன் 12

எங்கே போனாலும் முதல் வரிசைப் பேச்சுத்தான். மற்ற வரிசை கணுக்காலுக்கு இருந்தால் நான் ஊன்றிய வரிசை முழங்காலுக்கு நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். "ராசி திரும்பிருச்சுப்பா" என்று ஒச்சப்பன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீக்கடையில் பேசியவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

செல்லமணி மட்டும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். அந்தப் பால்பவுடர் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். மிச்சத்தைத் துணியில் முடிந்து பரணில் போட்டாளாம்.

ஜூன் 21

நாலு நாளாக விடாத மழை. ஒச்சப்பன் காட்டு முதல் வரிசையில் இலைகளில் தண்ணீர் பட்டு ஊறியதுபோலப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். மழை நின்றால் சரியாகிவிடும்.

ஜூன் 25

சரியாகவில்லை. ஆறு காட்டில் வந்துவிட்டது.

ஜூன் 29

பதினொரு காட்டிலும். பிஞ்சுக் காயிலும் எண்ணெய் பட்டதுபோலக் கறை விழுகிறது. கிடைத்தவரை லாபம் என்று பிஞ்சிலேயே பறித்து மூட்டை கட்டி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பினால், வழியிலேயே அழுகிச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. வியாபாரி போனை எடுப்பதில்லை. ஒச்சப்பன் காட்டு வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

செல்லமணி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. என்னவென்று நானும் கேட்கவில்லை.

ஜூலை 4

கிளாடிஸ் மேடம் காடு காடாக வந்து பார்த்தார். விதையோடு வருகிற நோய் என்றார். மழையில் சிதறிப் பக்கத்துச் செடிக்குப் பரவுமாம். ஒவ்வொரு காட்டிலும் ஒரே மூலையிலிருந்து பரவியிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்த மூலையில அப்படி என்ன இருக்கு? பதினொரு காட்டுலயும் இங்கதானே ஆரம்பிச்சிருக்கு?"

"அது ஈசானி மூலைங்க மேடம். மொதல்ல ஊன்றது அங்கனதான். பாண்டி கையால" என்றார் ஒச்சப்பன்.

"அதுவும் கடை விதைதானா?"

கடை விதைதான் என்று ஒச்சப்பன் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மேடம் குறித்துக்கொண்டார். மொத்த விதையும் பஞ்சவர்ணம் கடையில் வாங்கியது என்று ஆகிவிட்டது.

ஜூலை 6

விதை ஆய்வாளர் ஒருவர் வந்து கடையைப் பார்த்தார். சோதிக்க மாதிரி எடுக்கலாமென்றால் அந்த விதையில் ஒரு பொட்டலம்கூட மிச்சமில்லை, எல்லாம் விற்றுப்போயிற்று. விசாரணை முடியும்வரை விதை எதுவும் விற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். லைசென்ஸ் போனாலும் போகும் என்கிறார்கள்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது.

ஜூலை 9

குழுக் கூட்டம். கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. பஞ்சவர்ணம் வந்து வாசலில் நின்றாள்.

"பில்லு இருக்குண்ணே, கம்பெனி சீட்டு இருக்கு. நான் ஏன் எங்க ஊரு வயித்துல அடிக்கப்போறேன்? அதே வெத கீழ்மலைக்கும் குடுத்தேன், அங்கன ஒண்ணும் ஆகலையே. போன் போட்டுக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

"அங்கன நல்லதக் குடுத்துட்டு எங்களுக்கு நொள்ளையக் குடுத்தியாக்கும்" என்று ஒருவன் கத்தினான்.

இனி அவள் கடைக்கு யாரும் போகக்கூடாது, அந்த வீட்டோடு நல்லது கெட்டது கொடுக்கல் வாங்கல் எதுவும் வேண்டாம் என்று தீர்மானம். செயலாளர் என்ற முறையில் தீர்மான நோட்டில் எழுதியது நான். கையெழுத்து அழகாகத்தான் வந்திருக்கிறது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை. நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருக்கிறது. இவ்வளவுதான் இன்று எழுத முடியும்.

ஜூலை 13

மேடத்திடமிருந்து போன். விண்ணப்பத்தில் எந்தத் தவறும் இல்லையாம், அனுமதி கிடைத்துவிடும் போலத் தெரிகிறதாம். அந்த நாட்டு அரசாங்கம் எந்தெந்த நோய் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்ற பட்டியலை அனுப்பியிருந்தார். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது வரியில் இருப்பது எங்கள் பதினொரு காட்டிலும் இருப்பதுதான். டிக்‌ஷனரியை மூடிவிட்டேன்.

ஜூலை 20

சன்னாசி வந்திருந்தார். எண்பது வயசு, கம்பை ஊன்றி இந்த ஏற்றத்தில் ஏறி வந்திருக்கிறார். இரைப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. என் அப்பாவும் அவரும் ஒன்றாக உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தவர்கள்.

"பாண்டி, கடை எங்க அய்யா வச்ச கடை. எம் மருமக வெதயில கலப்படம் பண்ணுற ஆளில்ல. ஊரு எம் பேச்சக் கேக்காது, உம் பேச்சக் கேக்கும். நீ ஒரு நாயஞ் சொல்லுப்பா" என்றார்.

"பாப்போம் மாமா, விசாரண முடியட்டும்" என்றேன்.

செல்லமணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். தீர்மானப்படி அந்த வீட்டு ஆளுக்கு மோர் கொடுத்திருக்கக் கூடாது. அவர் போன பிறகு அதையும் அவளிடம் சொன்னேன். எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

"டப்பாவையும் பரண்ல கெடக்குற முடிச்சையும் கொண்டுபோயி மேடத்துக்கிட்ட குடுத்துருங்க" என்றாள். பல நாள் கழித்து அவள் என்னிடம் பேசியது இதுதான்.

ஜூலை 28

கொடுக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கிறேன். குழுவின் விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருக்கிறது. திருட்டுத்தனமாக விதை கொண்டுவந்தவன் கையெழுத்து என்று தெரிந்தால் அனுமதியே போய்விடும். பதினாறு குடும்பம் அந்த விதையை நம்பியிருக்கிறது. குபேந்திரனுக்கும் சிக்கல் வரலாம், அவன் திரும்பப் போக வேண்டியவன். ஆகையால் ஊர் நன்மையை உத்தேசித்து இப்போதைக்கு

மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானாகவே போய்ச் சொன்னவன் கதைதான்.

ஆகஸ்ட் 8

அனுமதி வந்துவிட்டது! குழுவின் பெயரில், முத்திரை எண்ணோடு. ஒச்சப்பன் ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில் ஒட்டிவிட்டார். எனக்குத் துண்டு போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் விதையை வரவழைக்க வேண்டும்.

துண்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது எதிரே பஞ்சவர்ணத்தின் கடை தெரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

ஆகஸ்ட் 9

சன்னாசி காலமானார். எனக்குக் காய்ச்சல். வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 10

செல்லமணி நேற்றுச் சாவு வீட்டில் துட்டிக்குப் போய்விட்டு வந்து, தலைமுழுகி, ஈரத்தோடு நின்று சொன்னாள்.

"ஊருல ஒரு ஆம்பள வரல. பஞ்சவர்ணம் தம்பி வத்தலக்குண்டுலருந்து வந்து, தேர்ப்பாடை கட்டுறதுக்கு ஆளில்லாம ஜீப்பு டிரைவர் காலப் புடிச்சான். தூக்க நாலாவது தோளு இல்ல. கடைசில பஞ்சவர்ணமே தோளு குடுத்தா. பொம்பளப்புள்ள சுடுகாடு வரைக்கும் போச்சு."

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. என் அப்பாவைத் தூக்கிய நாலு தோளில் ஒன்று சன்னாசியுடையது.

ஆகஸ்ட் 13

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். இன்னொரு ஊர்க்காரனுக்குக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்த டைரி. அடியில் பஞ்சவர்ணத்தின் கடைப் பெயர், மேலே என் புளுகு. சிலதைத் திருத்த வேண்டும்.

ஜூலை 4ஆம் தேதிப் பக்கத்தில், கடை விதைதான் என்று ஒச்சப்பன் சொன்னதாக எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒச்சப்பன் வாயே திறக்கவில்லை. சொன்னது நான். யோசிக்காமல் பட்டென்று சொன்னேன். "ஆமா மேடம், கடை வெததான்." அவ்வளவுதான். என் கைப்பிடியும் அவள் கடையில் வாங்கியதுதான் என்று ஊரே நம்பியது, அந்த ஒரு சொல்லில் அவள் கடை போயிற்று.

ஆகஸ்ட் 9 அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பறைச் சத்தம் கேட்காமல் இருக்கக் காதையும் மூடிக்கொண்டேன். பறையே அடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது, அடிக்கவும் ஆள் வரவில்லை.

மே 17 அன்று குபேந்திரன் கொண்டுவந்த டப்பாவில் பால்பவுடர் இல்லை. அவன் வேலை செய்யும் தோட்டத்து பீன்ஸ் விதை. நான்தான் போனில் கேட்டு வாங்கினேன். சட்டமெல்லாம் மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து மூன்றாம் நாள் டப்பாவை வாங்கிக்கொண்டேன். எதற்காக? விளைச்சலுக்காக இல்லை. முதல் வரிசை மட்டும் செழித்து நிற்க வேண்டும், டீக்கடையில் ஒருவன் வாயை மூட வேண்டும். இதற்குத்தான். ஒரு கைப்பிடிப் பெருமைக்காகப் பதினொரு காட்டை அழித்திருக்கிறேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று எத்தனையோ பேரைப் பார்த்துச் சொன்னவன் நான்.

வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே காது சுடுகிறது.

ஆகஸ்ட் 17

வரும் 24ஆம் தேதி சன்னாசிக்குக் கருமாதி. தீர்மானம் இருக்கும்வரை அதற்கும் ஊர் போகாது. தூக்கத்தான் ஆளில்லை, பதினாறாம் நாளும் அந்த வாசல் வெறிச்சென்று கிடந்தால் பஞ்சவர்ணம் பிறகு இந்த ஊரில் இருக்கமாட்டாள். கடையைச் சாத்திக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று இப்போதே பேச்சு.

அதற்குள் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 18

சொல்லவில்லை. கிழங்குக்கு மண் அணைத்தேன்.

ஆகஸ்ட் 19

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

ஒச்சப்பன் வீடு வரைக்கும் போனேன். "வா ராசிக்காரரே" என்று சிரித்தார். அனுமதி பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

இன்று குழுக் கூட்டம். விதையை எப்போது வரவழைப்பது, எந்தக் காட்டில் ஊன்றுவது என்று திட்டம் போட மேடமும் வந்திருந்தார். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாயால் சொன்னால் எங்காவது நெளித்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

எழுந்து நின்று படித்தேன். டப்பா, குபேந்திரன், பதினொரு கைப்பிடி, மேடத்திடம் சொன்ன பொய், எல்லாம். பிறகு ஒச்சப்பன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"அந்தப் பொம்பளப்புள்ளைக்காகப் பழிய நீ சொமக்குறியா? சன்னாசி போனதுல ஒனக்கு மனசு எளகிருச்சு. பெரிய மனசுப்பா ஒனக்கு. யாருக்கு வரும் இந்த மனசு?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவன் கண்ணைக்கூடத் துடைத்தான்.

அப்படியே விட்டுவிடலாம், என் முகத்துக்காகப் பஞ்சவர்ணத்தின் மேலான தீர்மானத்தையும் எடுத்துவிடுவார்கள், என் பெயரும் தப்பும், சொன்னவன் என்ற புண்ணியமும் கிடைக்கும் என்று தோன்றியது. இதை இங்கே மறைக்கக்கூடாது. அப்படித்தான் தோன்றியது.

பெண்கள் பக்கத்திலிருந்து செல்லமணி குரல் கொடுத்தாள். "பெரிய மனசும் இல்ல, சின்ன மனசும் இல்ல. டப்பா எங்க வீட்டுல இருக்கு, உளுந்து போட்டு வச்சிருக்கேன். மிச்ச வெத பரண்ல முடிஞ்சு கெடக்கு. கொண்டாரவா?"

போய்க் கொண்டுவந்தாள். மேடம் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். எங்கள் விதையைவிடத் தட்டையாக, வெள்ளையாக, மருந்து பூசாத விதை. கடை விதை எல்லாம் ரோஸ் கலரில் மருந்து பூசி வரும், ஊருக்கே தெரியும். ஒச்சப்பன் ஒரு விதையை எடுத்துப் பார்த்தார். என் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

"இத ஏன்யா மிச்சம் வச்ச?" என்று கேட்டார்.

அடுத்த போகத்துக்கு. அதையும் சொன்னேன்.

மேடம் விதையை ஒரு கவரில் போட்டு ஒட்டி, சோதனைக்கு என்று எழுதினார். பிறகு நிதானமாகச் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பதினொரு காட்டிலும் செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். இரண்டு வருடமாவது அந்த மண்ணிலும், ஒட்டியிருக்கும் மற்ற ஐந்து காட்டிலும் பீன்ஸ் கூடாது. ஆகவே அனுமதி வந்த விதையை ஊன்ற இடமில்லை. ஆறு மாதம் கழித்து அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும்.

"நல்ல விதை உங்க ஊருக்கு வர்றதுக்கு நேர்வழி இருந்துச்சு சார். அந்த வழியில பாதி தூரம் நீங்களே போயிட்டிருந்தீங்க" என்றார்.

தீர்மான நோட்டை ஒச்சப்பன் கேட்டு வாங்கினார். ஜூலை 9 பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்தது. செயலாளர் பொறுப்பையும் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். பாதிப் பேர் என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும், ஒவ்வொருவராகச் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

ஆகஸ்ட் 23

ஒச்சப்பன் காட்டில் செடி பிடுங்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். திரும்பி வந்து என் காட்டில் பிடுங்கி எரித்தேன். பச்சைச் செடி லேசில் பற்றவில்லை, ஊரெல்லாம் புகை.

மேடம் என் காகிதத்தை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டாராம். பஞ்சவர்ணம் கடைக்குப் போட்ட தடையை எடுத்துவிடுவார்கள். என்மேல் என்ன நடவடிக்கை என்று பிறகு தெரியும். குபேந்திரன் போனில் ஏசினான். கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24

கருமாதிக்குப் போகலாமா வேண்டாமா என்று விடியற்காலையிலிருந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். "அன்னைக்குப் போகாதவுக இன்னைக்காச்சும் போங்க. எதுக்க நின்னு வாங்கிக் கட்டிக்கங்க" என்றாள் செல்லமணி. போனேன்.

ஊரே வந்திருந்தது. ஒச்சப்பன் அரிசி மூட்டையைத் தானே தோளில் சுமந்து வந்து இறக்கினார். அன்றைக்கு வராத ஆம்பளைகள் எல்லாம் இன்றைக்குப் பந்தல்கால் பிடிப்பதும் தண்ணீர் தூக்குவதுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களுக்கு அந்த வெட்கத்தைக் கொடுத்ததும் நான்தான்.

நான் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து இலை காலி. பஞ்சவர்ணமே பரிமாறிக்கொண்டு வந்தாள். தோளில், கழுத்துக்குப் பக்கத்தில், பாடைக் கம்பு அழுத்திய இடம் இன்னும் கன்றிப்போய் இருந்தது. என் இலைக்கு முன்னால் நின்று சோறு போட்டாள். எல்லோருக்கும் போட்ட அளவுதான் எனக்கும் போட்டாள்.

"மேடம் உங்க காகிதத்தக் குடுத்துப் படிக்கச் சொன்னாகண்ணே. படிச்சேன். ஒண்ணு விடாம எழுதிருக்கீக" என்றாள்.

"தாயி..." என்றேன்.

"மாமா கடைசி ரெண்டு நாளும் உங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், பாண்டி வந்துட்டானா, அவன் நாயஞ் சொல்லுவான்ம்பாரு. வருவாக மாமா, வருவாகன்னு நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்." சாம்பாரை ஊற்றினாள். "அது அந்தக் காகிதத்துல இல்லையேண்ணே."

குரல் உயரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. இலையை எடுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் அவள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.